நீர் புகாத தையல்

கொரோனாவுக்காக ஊரடங்கு போட்ட வாரம் அகீலாவின் தொழிற்சாலையில் மழைச்சட்டைகள் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கிக் கிடந்தன. நீலம், மஞ்சள், கடும்பச்சை. அநேகமாக எல்லாமே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கானவை. சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும்போது தென்மேற்கு மழையும் வந்துவிடும். அந்த ஒரு பருவத்தை நம்பித்தான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய களஞ்சியத்தின் மேல்மாடியில் அவள் பல வருடங்களாகத் தையல் மெஷின்களை ஓட்டி வந்தாள். இந்த வருடம் பள்ளிகள் திறப்பதாகத் தெரியவில்லை. மழை மட்டும் வரும் போலிருந்தது.

அகீலாவின் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில். கணவன் நிஸாமுக்கு கிருலப்பனையில் டைல்ஸ் கடை. இரண்டு பேருடைய கதவுகளும் ஒரே நாளில் மூடப்பட்டன. நிஸாம் பொறுமைசாலி. பால்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, வெறிச்சோடிய தண்டவாளத்தையும் அதற்கப்பால் கடலையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட அவனால் முடிந்தது. அகீலாவால் முடியவில்லை. வீட்டில் இருந்த எல்லா அலுமாரிகளையும் அடுக்கி முடித்துவிட்டு, பிறகு மறுபடியும் கலைத்து அடுக்கினாள்.

தொழிற்சாலையில் தையல் லைனுக்குப் பொறுப்பாளராக இருந்தவள் ரஜனி. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். அவளோடு மலையகத்துப் பெண்கள் இன்னும் சிலர் தொழிற்சாலைக்கு அடுத்த கட்டடத்தில் போர்டிங்கில் இருந்தார்கள். ஊரடங்கு திடீரென்று வந்ததில் பஸ் கிடைக்காமல் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள்.

"சாப்பாட்டுக்குக் கொறையில்ல மிஸ்," என்றாள் ரஜனி தொலைபேசியில். "சும்மா இருக்கிறதுதான் முடியல. எல்லாரும் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். ஒருத்தி அழுதா மத்தவளும் அழுவுறா."

"கொஞ்ச நாளைக்குத்தான் ரஜனி."

"அப்படித்தான் மிஸ் எல்லாரும் சொல்றாங்க."

அகீலா தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். தான் சொன்னதைத் தானே நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மேல்தளத்தில் அனுஷியா என்றொரு பெண் தாயோடு குடியிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. ஒரு மாலை அவள் படியில் நின்றபடி, உள்ளே வராமல், எட்டத்திலிருந்தே கதைத்தாள்.

"அக்கா, உங்களிட்டப் பெரிய ஆக்களுக்குப் போடுற ரெயின்கோட் கிடக்கோ?"

"மோட்டார் பைக்காரங்கட கொஞ்சம் இரிக்கி. ஏன்?"

"எங்களுக்குத்தான். நாட்டுக்கே தட்டுப்பாடு அக்கா, உலகத்துக்கே தட்டுப்பாடு. வெளிநாட்டில இருந்து வாற பாதுகாப்புக் கிட் இண்டைக்கு வரும், நாளைக்கு வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறம். வருமட்டும் ஒண்டும் போடாமல் நிக்கிறதைவிட ரெயின்கோட் நல்லம்தானே."

அந்தப் பெண் மூன்று நாள் பழைய கொண்டையோடு, மூக்கிலும் கன்னத்திலும் முகக்கவசத்தின் தழும்போடு நின்றாள். அகீலா அன்றைக்கே ஊரடங்கு அனுமதிப் பத்திரத்துக்கு அலையத் தொடங்கினாள். பத்திரம் கிடைத்ததும் வான் வண்டியை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய், இருந்த பெரிய அளவுச் சட்டைகள் எல்லாவற்றையும் ஏற்றி வந்து அனுஷியாவின் கையில் கொடுத்தாள்.

நாலைந்து நாள் கழித்து அனுஷியா சொன்னாள்: "நன்றிதான் அக்கா. ஆனா உள்ளதைச் சொல்லோணும். முன்பக்கம் பட்டனுக்கு இடையில திறந்திடுது. கழுத்தடி மூடேல்லை. குனிஞ்சா முதுகு தெரியுது. முழுசா மூடுற மாதிரி ஒண்டு, காலில இருந்து தலைமட்டும், தைப்பீங்களோ?"

"தைக்கேலும்," என்றாள் அகீலா. யோசிக்கும் முன்பே அந்தச் சொல் வந்துவிட்டது.

நிஸாம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திய பிறகு சொன்னான்.

"நீங்க ஊருக்கெல்லாம் நல்லது செய்யப் பாக்குறீங்க. நேத்து நியூஸ் பாத்தீங்க தானே. நம்மட ஆள் இந்த நோய்ல மௌத்தானா அடக்க விடுறல்ல. எரிக்கிறாங்க. கையெடுத்துக் கும்பிட்டும் கேக்கல்ல. அவங்களுக்கா நீங்க உடுப்புத் தைக்கப் போற?"

அந்தச் செய்தியைப் பார்த்த நாளிலிருந்து அகீலாவின் நெஞ்சுக்குள் ஒரு கல் கிடந்தது. அவளுடைய வாப்பாவுக்கு எண்பது வயது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவருக்கு அந்த நோய் வந்துவிடக்கூடாது என்ற ஒன்றைத்தான் அவள் கேட்டாள்.

"எரிக்கச் சொன்னவங்களுக்கு நான் தைக்கல்ல," என்றாள். "அனுஷியாக்குத் தைக்கிறன். நாளைக்கு எங்கட வாப்பாவக் கொண்டுபோனா ஒட்சிசன் புடிக்கிறதும் அவதான். அந்தக் கோபம் எனக்கும் இரிக்கி. அத மடியில வெச்சிட்டு வீட்ல குந்திட்டு இருக்கச் செல்றீங்களா? நான் குந்தமாட்டன்."

நிஸாம் மறுபடியும் கடலைப் பார்க்கத் திரும்பினான்.

முதல் அங்கியை அவர்கள் மழைச்சட்டைத் துணியிலேயே தைத்தார்கள். ரஜனியும் மற்றப் பெண்களும் மெஷின்களைத் துணிகொண்டு துடைத்து எண்ணெய் விட்டபோது மேல்மாடி முழுவதும் பழைய நாட்களின் மணம் வந்தது. ஒரு மெக்கானிக்கின் முழுநீள மேலாடையைப் பிரித்துப் போட்டு, அதன் மேல் வரைந்து வெட்டினார்கள். தையல் ஓட்டைகளை மூட, மழைச்சட்டைகளுக்குச் செய்வதுபோலவே, உள்ளே சூடான காற்றால் டேப் ஒட்டினார்கள். அங்கியின் கால்முனைகளைக் கட்டித் தொங்கவிட்டு உள்ளே நீர் ஊற்றியபோது ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. பெண்கள் கைதட்டினார்கள்.

அனுஷியா அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஷிஃப்ட் முழுவதும் நிற்க முடியாமல் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் சோர்ந்த குரலில் தொலைபேசியில் சொன்னாள்: "அக்கா, கழட்டேக்க சப்பாத்துக்குள்ள வேர்வை நிண்டது. ஊத்தினனான். இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யேலாது."

மழைச்சட்டை, மழையில் பத்து நிமிடம் நடந்து போகிறவனுக்கானது. அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தி நாள் முழுக்கக் கட்டிலுக்குக் கட்டில் ஓடுவாள் என்று யாரும் நினைத்து அந்தத் துணியை நெய்யவில்லை. அகீலாவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் ஒரு நாள் போயிற்று. பிறகு அவள் இலேசான துணி தேடத் தொடங்கினாள்.

பேலியகொடையில் ஸியாம் என்றொருவர், புடவைக் கடைகளுக்குப் பை தைத்துக் கொடுப்பவர். கடைக்காரர்கள் கைப்பிடி வைத்துக் கொடுப்பார்களே, அந்தத் துணிப் பைகள். ஒரு பக்கம் பஞ்சு மாதிரி மென்மையாகவும் மறுபக்கம் மெல்லிய பொலித்தீன் பூச்சோடும் இருக்கும் துணி. கடைகள் மூடியதில் அவரிடமும் ரோல் ரோலாக அது தேங்கிக் கிடந்தது.

"எடுத்துட்டுப் போங்க தங்கச்சி," என்றார் அவர். "பெருநாளுக்கு வாங்கின துணி. இந்தப் பெருநாளுக்கு யார் உடுப்பு எடுக்கப் போற? எலி கடிக்க முந்தி ஏதாவது ஒண்ட செய்ங்க."

அந்தத் துணியில் தைத்த அங்கி, முந்தியதில் பாதிப் பாரம்கூட இல்லை. அனுஷியா போட்டுப் பார்த்துவிட்டு, வேர்க்கிறதுதான், ஆனால் நிற்கலாம் என்றாள். அவளோடு வேலை செய்தவர்களும் கேட்டார்கள். பிறகு வேறு ஆஸ்பத்திரியில் இருந்த அவளுடைய கூட்டாளிகள் கேட்டார்கள். மெஷின்கள் ஓடத் தொடங்கின. பெண்கள் ஒவ்வொரு காலையும் போர்டிங்கிலிருந்து நேரே மேல்மாடிக்கு வந்து, கைகழுவி, காய்ச்சல் பார்த்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் டேப் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பெட்டி எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதென்று அனுப்பியவனுக்கே தெரியவில்லை.

அதே வாரம் கிருஷ்ணராஜ் வந்தார். புறக்கோட்டையில் பெரிய கை; உற்பத்தியாளர்களுக்கும் கொள்வனவு செய்பவர்களுக்கும் இடையில் நிற்பவர். சேட்டுப் பையில் இரண்டு பேனா, முகத்தில் அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்த விலையுயர்ந்த முகக்கவசம். மேல்மாடிக்கு ஏறி வந்து, தொங்கிக்கொண்டிருந்த அங்கிகளைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செய்றீங்க மிஸிஸ் நிஸாம். எனக்குப் பெரிய ஓடர் ஒண்டு இருக்கு. உங்கட லைன் முழுசும் இந்த வருசம் நிக்காம ஓடும். நீங்க தைங்க, மிச்சத்த நான் பாத்துக்கொள்றன்."

"டேப் முடிஞ்சி. வந்ததும் தொடங்கலாம்."

"டேப் எதுக்கு? சும்மா தையுங்க. மற்ற ஆக்கள் எல்லாரும் அப்படித்தான் தைக்கிறாங்க. தூரத்தில இருந்து பாத்தா ஒரே மாதிரித்தானே."

"தையல்ல ஓட்டை இரிக்கி."

"ஊசி ஓட்டை. கண்ணுக்குத் தெரியுதா?"

"கிருமியும்தான் கண்ணுக்குத் தெரியிறல்ல," என்றாள் அகீலா.

அவர் சிரித்தார். பிறகு ஒரு அங்கியின் கழுத்தைப் புரட்டி, உள்ளே தைத்திருந்த சிறிய பட்டியைப் பெருவிரலால் தேய்த்தார். அதில் மூன்று மொழியிலும் அவளுடைய பெயர் இருந்தது. மழைச்சட்டைகளுக்கு என்று அடித்த பட்டி.

"இன்னொண்டு. தப்பா எடுக்காதீங்க, நான் நல்லதுக்குத்தான் சொல்றன். இந்தப் பேர் இப்ப வேணாம். பேஸ்புக்கில என்னென்ன எழுதுறாங்க எண்டு தெரியும்தானே? நோயப் பரப்புறதே உங்கட ஆக்கள்தான் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறாங்க. இந்தப் பேர் இருந்தா ஆக்கள் போடப் பயப்படுவாங்க. பட்டிய வெட்டுங்க. என்ட கம்பனிப் பேர் போடலாம்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ரஜனி கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

அகீலா அங்கியை அவர் கையிலிருந்து வாங்கி, மடித்து, மேசையில் வைத்தாள்.

"ஓட்டையோடயும் தைக்கமாட்டன். பேரையும் வெட்டமாட்டன். நீங்க வேற ஆளப் பாருங்க."

"யோசிச்சுப் பாருங்க. உங்களை நம்பி இவ்வளவு பொம்பிளைப் பிள்ளைகள் இருக்குதுகள்."

அதற்கு ரஜனி பதில் சொன்னாள். "எங்களச் சாக்கா சொல்லாதீங்க சார். நாங்க தைக்கிறத நாங்களே போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமான்னுதான் நாங்க பாப்போம். ஓட்ட இருந்தா நான் போடமாட்டேன். நான் போடாதத அந்த நர்ஸ் மிஸ் எதுக்குப் போடணும்?"

கிருஷ்ணராஜ் படியிறங்கிப் போனார். அவருடைய சப்பாத்துச் சத்தம் கீழே போய் மறைந்ததும்தான் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "இப்ப என்ன மிஸ் செய்றது?"

அகீலா அந்த அங்கியை மறுபடி விரித்தாள். "முதல்ல பட்டிய இடம் மாத்துவம்," என்றாள். "கழுத்துக்குள்ள வேணாம். வெளியில, கையில தைப்பம். பாக்கிறவன் பாக்கட்டும்."

டேப் இல்லாமல் ஓட்டையை மூடும் வழி அவர்களுக்கு ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. பசை பூசிப் பார்த்தார்கள், காய்ந்ததும் உரிந்தது. இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துப் பார்த்தார்கள். துணி உருகிப் பெட்டியில் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் அதைச் சுரண்டுவதில் போயிற்று. மெழுகுகூட உருக்கி ஊற்றினார்கள். அது மடிப்பில் வெடித்தது. துணி வீணாகும்போதெல்லாம் அகீலாவுக்கு எரிச்சல் வந்தது. ஒருமுறை ரஜனியிடம் கடுமையாகப் பேசிவிட்டாள். ரஜனியும் பதிலுக்குப் பேசினாள். இரண்டு பேரும் ஒரு மணிநேரம் முகம் கொடுக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரத் தேநீருக்கு யாரோ ஒரு மிக்சர் பக்கெட்டை உடைக்கப் பார்த்தார்கள். கொட்டாஞ்சேனை மிக்சர்தான். எப்படி இழுத்தும் திறக்கவில்லை. கடைசியில் பல்லால் கிழித்தார்கள். அகீலா அந்தப் பக்கெட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பொலித்தீனும் பொலித்தீனும் சூட்டில் ஒன்றாகிப் போயிருந்த கோடு.

"இது பொலித்தீன். எங்கட துணியில உள்பக்கமும் பொலித்தீன்தானே," என்றாள்.

ரஜனி கோபத்தை மறந்து திரும்பினாள். "உள்பக்கத்தையும் உள்பக்கத்தையும் சேத்து வச்சா ஒட்டும் மிஸ். ஆனா அப்படி ஒட்டினா தையல் வெளிய துருத்திக்கிட்டு நிக்குமே."

"நிக்கட்டும். ஒட்டின கோட்டுக்கு வெளியால தைப்பம். அப்ப ஊசி குத்தினாலும் ஓட்டை அந்தப் பக்கம்தான். உள்ளுக்குள்ள வராது."

மிக்சர் பக்கெட் மூடும் சீலர் மெஷின் பெரிய சாமான் ஒன்றுமல்ல. தாளை வெட்டும் கத்திபோல் கையால் அழுத்தும் ஒரு சிறு கருவி. தெருவில் பலகாரக்காரர்கள் எல்லோருமே கடையை மூடியிருந்தார்கள். அகீலா வீடு வீடாகப் போய்க் கேட்டாள். யாரும் மறுக்கவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் முறுக்குச் சுடும் றஞ்சிதம் என்ற அம்மா, தன் சீலரைத் துடைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "சூட்டக் கூட்டாதம்மா. கூட்டினா கருகிரும். பொன்னிறத்துக்கு முந்தியே எடுத்துரணும், முறுக்கு மாதிரி."

சீலர் நேர்கோட்டில் மட்டுமே ஒட்டும். அங்கியிலோ வளைவுகள்: தோள், அக்குள், கவட்டி. எனவே வெட்டும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது. வளைவே இல்லாத ஒரு அங்கியை அவர்கள் கடதாசியில் வரைந்தார்கள். கை உடம்போடு சேர்ந்தே வெட்டப்பட்டது, தொளதொளவென்று. அக்குளில் கையைத் தூக்கினால் கிழிந்தது. அங்கே ஒரு சதுரத் துண்டைச் செருகினார்கள். ஒரு கோடு பிரியலாம் என்று இரண்டு கோடு ஒட்டினார்கள். முடிந்த அங்கியைப் பார்த்தால் யாரோ அவசரத்தில் புறம் மாற்றிப் போட்டதுபோல் எல்லாத் தையலும் வெளியே நின்றது.

"வடிவில்லை," என்றாள் அகீலா.

"பொண்ணு பாக்கவா போறாங்க," என்றாள் ரஜனி.

அனுஷியா அதைப் போட்டுப் பார்த்துக் கையைத் தூக்கினாள், குந்தினாள், நிலத்தில் விழுந்த சாமானை எடுப்பதுபோல் குனிந்தாள். எங்கும் பிரியவில்லை. பிறகு கைப்பக்கம் திரும்பிப் பட்டியைப் பார்த்தாள்.

"பேர் பெரிசா கிடக்கக்கா."

"ஓம். பயமா?"

"எனக்கென்ன பயம். ஆஸ்பத்திரி வோட்டில ஒருத்தி கேட்டவள், யாரிந்த அகீலா எண்டு. என்ர கீழ்வீட்டு அக்கா எண்டு சொன்னனான்."

சீலர்கள் ஓடத் தொடங்கி இரண்டு வாரத்தில் கீழே ஒரு ஜீப் வந்து நின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரும் ஒரு பொலிஸ்காரரும் வந்தார்கள். முறைப்பாடு வந்திருந்தது. அனுமதியில்லாமல், தரமில்லாத அங்கிகளைத் தைத்து ஆஸ்பத்திரிகளுக்கு விற்கிறார்கள் என்று. முறைப்பாடு செய்தவர் யாரென்று பரிசோதகர் சொல்லவில்லை. அகீலா கேட்கவும் இல்லை.

அவர் நடுவயது மனிதர், களைத்துப் போயிருந்தார். அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் அவர் தலையில்தான். சிங்களத்தில் பேசினார். இந்த இடத்தை மூடத்தான் வேண்டியிருக்கும், பரிசோதனைக்கூட அறிக்கை இல்லாமல் இப்படி எதையும் வெளியே அனுப்ப முடியாது என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அது அகீலாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அறிக்கைக்கு அனுப்புங்க. நான் வேணாமெண்டு செல்லல்ல," என்றாள் அவள் சிங்களத்தில். "ஆனா மூடுறதுக்கு முந்தி ஒருக்காப் பாத்துட்டு மூடுங்க."

அவள் கறுப்பு அபாயாவில் இருந்தாள். கறுப்பில் ஈரம் தெரியாது. உள்ளே போய் ரஜனியின் வெளிர்மஞ்சள் சல்வாரை வாங்கி உடுத்திக்கொண்டு, தலையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். தொங்கிய அங்கிகளில் எதையாவது எடுக்கும்படி பரிசோதகரிடமே சொன்னாள். அவர் நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். அதை எல்லோருக்கும் முன்னால் போட்டுக்கொண்டாள். படியிறங்கி முற்றத்துக்குப் போய், வெயிலில் நின்றாள்.

"தண்ணி அடி ரஜனி."

ரஜனி தயங்கினாள். முற்றம் கழுவும் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்துப் பீய்ச்சும்போது தண்ணீருக்கு நல்ல வேகம் இருந்தது. பொலிஸ்காரர் பின்னால் நகர்ந்தார். பரிசோதகர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஹரி, வத்துர தாமு" என்றார். சரி, ஊற்றிப் பார்ப்போம் என்று.

தண்ணீர் தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது. அகீலா கைகளைத் தூக்கி அக்குளைக் காட்டினாள். திரும்பினாள். குந்தி எழுந்தாள். எதிர்வீட்டு மாடிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஐம்பதை நெருங்கும் ஒரு பொம்பிளை நடுப்பகலில் முற்றத்தில் குழந்தை மாதிரி தண்ணீருக்குச் சுழன்று சுழன்று நின்றதைத் தெருவே பார்த்தது. அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. அடி, இன்னும் அடி என்று அவள் சொன்னபோது அது ரஜனிக்கு மட்டும் சொன்னதல்ல.

குழாய் நின்றதும் அங்கியைக் கழற்றினாள். மஞ்சள் சல்வார் வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் நெஞ்சில், திறந்து மூடும் சிப் வரும் இடத்தில், ஒரு கையகலத்துக்கு ஈரம் கறுத்திருந்தது.

பரிசோதகர் அதைப் பார்த்தார். அவள் மறைக்கவில்லை.

"தையல்ல வரல்ல. சிப்ல வந்திரிக்கி," என்றாள். "எனக்கு இது இப்பதான் தெரியும். நாளையில இருந்து சிப்புக்கு மேல மடிப்பு வெச்சு ஒட்டுவம். குடுத்தது எல்லாத்தையும் திருப்பி எடுத்து ஒட்டிக் குடுப்பம்."

பரிசோதகர் ஈரமான அங்கியைத் தானே தூக்கி, தையல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வெளியே துருத்திய ஓரங்களை நகத்தால் பிரிக்கப் பார்த்தார். இந்தச் சூட்டுக் கோட்டை எதனால் போட்டீர்கள் என்று கேட்டார். மிக்சர் பக்கெட் ஒட்டும் மெஷின் என்று ரஜனி சொன்னதும் முகக்கவசத்துக்குள் சிரித்திருக்க வேண்டும், கண்கள் சுருங்கின.

அவர் மூடவில்லை. அறிக்கை வரும்வரை வெளியே எதுவும் அனுப்பக்கூடாது, தைத்து வைக்கலாம் என்றார். மாதிரிகளைத் தானே எடுத்துப் போனார்.

அறிக்கை மெதுவாகத்தான் வந்தது. அது வரும்வரை அவர்கள் சிப் மடிப்பைத் திருத்தினார்கள், ஏற்கெனவே போனதையெல்லாம் திருப்பி வாங்கி ஒட்டினார்கள், கூரைவரை கிடந்த மழைச்சட்டைகளை நகர்த்தி இடம் செய்தார்கள். அகீலா தன் நகையில் கொஞ்சத்தை விற்றுப் பெண்களுக்குக் கொடுத்தாள். அதை நிஸாமிடம் முன்கூட்டியே சொன்னாள், அனுமதி கேட்கவில்லை. கடைசியில் வந்த தாளில் இருந்தது முழு வெற்றி அல்ல. சாதாரண வோட்டுகளிலும் பரிசோதனை நிலையங்களிலும் பாவிக்கலாம். அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் சத்திரசிகிச்சைக்கும் ஏற்றதல்ல. அகீலா அதை அப்படியே பெரிய எழுத்தில் ஒவ்வொரு பொதியிலும் அடித்தாள். எங்கே போடக்கூடாது என்பதையும் சேர்த்து.

கிருஷ்ணராஜ் ஒருமுறை தொலைபேசியில் வந்தார். இப்போது அறிக்கை இருக்கிறதே, சேர்ந்து செய்யலாமே என்றார்.

"பேர் கையிலதான் இரிக்கும்," என்றாள் அகீலா.

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு அழைக்கவில்லை. ஓடர்கள் தாதிமாரின் நலன்புரிச் சங்கங்களிலிருந்தும், தனியார் கிளினிக்குகளிலிருந்தும், அடக்கம் செய்யும் மையவாடியிலும் எரிக்கும் சுடலையிலும் வேலை செய்பவர்களிடமிருந்தும் வந்தன. சுடலைக்காரர்கள் கேட்ட அன்று அகீலா மெஷினுக்கு முன்னால் நெடுநேரம் சும்மா இருந்தாள். பிறகு, "அவங்களும் கூலிக்கு வேல செய்றவங்கதான்," என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் துணியை விரித்தாள்.

ஐப்பசியில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று வெடித்தது. சில நாட்களில் அது ஆற்றைக் கடந்து ஊருக்குள் வந்தது. கொட்டாஞ்சேனையை மூடப்போகிறார்கள் என்று பகல் செய்தியில் சொன்னார்கள். மாலையிலிருந்து உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே போக முடியாது.

ரஜனி அழைத்தாள். "நாங்க பேசிட்டோம் மிஸ். போர்டிங்குக்குப் போகல. பாய எடுத்துக்கிட்டு இங்கேயே மேல வந்துட்டோம். கதவப் பூட்டிக்கிறோம். யாரும் உள்ள வரவேணாம், நாங்களும் வெளிய போகல. வேல நிக்காது. நீங்க வீட்ல இருந்து போன்ல சொல்லுங்க, போதும்."

"நான் வாறன்."

"வேணாம் மிஸ். உள்ள வந்தா எப்ப வெளிய விடுவாங்கன்னு தெரியாது."

"அதான் வாறன்," என்றாள் அகீலா.

உடுப்புகளைப் பையில் வைக்கும்போது நிஸாம் அறை வாசலில் நின்றான். மறுக்கப்போகிறான் என்று நினைத்து அவள் நிமிராமலே அடுக்கினாள். அவன் வான் சாவியை எடுத்தான்.

"அரிசி, பருப்பு, மாவு எடுத்துட்டுப் போவம்," என்றான். "பொம்பிளைகளுக்கு வேற என்ன வேணுமெண்டு கேட்டு எழுதுங்க. கடை எப்படியும் மூடித்தான் கிடக்கு. துணியக் கொண்டுவந்து எல்லையில தாற வேலய நான் பாக்கிறன். நீங்க எனக்கு ஒண்ட செய்யணும், தெனம் காய்ச்சல் பாத்து எனக்கு அனுப்பணும்."

"வாப்பாவ?"

"நான் பாத்துக்கொள்றன். போங்க."

தொழிற்சாலைத் தெருமுனையில் மரக்கட்டையை வைத்துத் தடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொலிஸ்காரர் அறிக்கைத் தாளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனால் எப்போது வெளியே விடுவோம் என்று எங்களுக்கே தெரியாது நோனா, என்றார். தெரியும் என்றாள். நிஸாம் அரிசி மூட்டையை தடுப்புக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான்; இரண்டு பெண்கள் ஓடிவந்து எடுத்துக்கொண்டார்கள். வானில் ஏறும் முன்பு ஒருமுறை கையைத் தூக்கினான்.

மேல்மாடியில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சீலர்களிலிருந்து சூடான பொலித்தீன் வாசம் வந்தது. மிஸ் எங்கே படுப்பது என்பதில் அதற்குள் ஒரு வாக்குவாதம் நடந்து முடிந்து, காற்று வரும் ஜன்னலோரத்தை அவளுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"அதெல்லாம் வேணாம்," என்றாள் அகீலா, கையைக் கழுவிக்கொண்டே. "கட்டிங் மேசையில படுத்துக்கொள்றன். எந்த ரோல் இப்ப போகுது?"

"வெள்ள மிஸ். நாளைக்குக் காலைல நீலம்."

"நீலத்த இப்பவே விரி," என்றாள் அவள், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு.